மதத்துக்காக ஆண் குழந்தைக்குச் சுன்னத் செய்வது அவனுடைய உடல் உரிமையை மீறுவது இல்லையா? அதைத் தடை செய்ய வேண்டுமா?

முதல் கேள்விக்கு ஆமாம் என்றுதான் நினைக்கிறேன். இரண்டாவதற்கு இல்லை. நான் சுன்னத் செய்யப்பட்டவன், என் மகனுக்குச் செய்து வைத்தவன். அதனால் இது நடுநிலையான பதில் இல்லை.

எனக்கு ஏழு வயதில் நடந்தது. கம்பம் பக்கம் எங்கள் ஊரில் அதைச் சுன்னத் கல்யாணம் என்பார்கள். புதுச்சட்டை, மாலை, குதிரை ஊர்வலம், கையில் திணித்த ரூபாய் நோட்டுகள். என்ன செய்யப் போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் பெரியப்பா மகன்கள் ஏற்கெனவே சொல்லி பயமுறுத்தியிருந்தார்கள். நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார வைத்து, மாமா பின்னாலிருந்து கைகளைப் பிடித்துக்கொண்டார். "மேல பாரு, குருவி!" அவ்வளவுதான். மரத்துப்போக ஊசி எல்லாம் கிடையாது. அப்புறம் பத்து நாள், கைலி புண்ணில் படாமலிருக்க அதன் நடுவை நூலால் விட்டத்தில் கட்டிவிட்டு, நெய்யும் நாட்டுக்கோழி முட்டையும் தின்றுகொண்டு படுத்திருந்தேன். அத்தாவிடம், அதாவது என் அப்பாவிடம், ஒரு வாரம் பேசவில்லை.

என் மகனுக்கு இப்படி ஆகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். பிறந்து நாற்பது நாளில், மருத்துவமனையில், மரத்துப்போக ஊசி போட்டு, பிளாஸ்டிக் வளையம் வைத்துச் செய்தோம். ஒரு வாரத்தில் வளையம் தானாக விழுந்தது. நல்ல அப்பாவாக நடந்துகொண்டதாகத்தான் நம்பினேன். வலியைக் குறைத்தோம், சரி. ஆனால் எனக்கு இருந்த ஒன்றையும் அவனிடமிருந்து எடுத்துவிட்டோம் என்பது பிறகுதான் உறைத்தது. நான் அழுதேன், உதைத்தேன், வேண்டாம் என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை என்றாலும் நான் சொன்னேன். நாற்பது நாள் குழந்தை எதைச் சொல்லும்? புண் சீக்கிரம் ஆறுகிற வயது எதுவோ, அதேதான் சம்மதம் கேட்கவே முடியாத வயதும்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் உடனே மருத்துவத்தை இழுப்பார்கள். நானும் இழுத்திருக்கிறேன். 2007-ல் உலகச் சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி. பரவலைக் குறைக்க இதைப் பரிந்துரைத்தது உண்மை. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்த சோதனைகளில், பெண்களிடமிருந்து ஆண்களுக்குத் தொற்றும் ஆபத்து சுமார் 60 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்தச் சோதனைகளுக்கு வந்தவர்கள் விஷயம் தெரிந்து, தாங்களே ஒப்புக்கொண்டு வந்த இளைஞர்களும் பெரியவர்களும். தொட்டில் குழந்தைக்கு அந்தக் கணக்கைக் காட்டுவது கொஞ்சம் கள்ளக்கணக்கு. நான் எச்.ஐ.வி.யை நினைத்தா மகனைத் தூக்கிக்கொண்டு போனேன்? அவன் நம்மவனாக இருக்க வேண்டும் என்றுதான் போனேன்.

பெண் குழந்தைக்கு இப்படிச் செய்தால் ஒப்புக்கொள்வீர்களா என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். மாட்டேன் என்றேன். "அங்க மட்டும் உரிமை தெரியுதா?" என்றாள். இரண்டும் ஒன்றில்லை, பாதிப்பின் அளவு வேறு, நோக்கம் வேறு என்று நிறையப் பேசினேன். எல்லாம் சரியான வாதம்தான். ஆனாலும் அவள் கேட்டது அதை இல்லை.

அப்படியென்றால் தடை ஏன் வேண்டாம்? ஜெர்மனியைப் பாருங்கள். கொலோன் நகரில் நான்கு வயது முஸ்லிம் சிறுவனுக்கு ஒரு மருத்துவர் சுன்னத் செய்தார், பிறகு ரத்தப்போக்கு ஏற்பட்டு வழக்கானது. மருத்துவரை விடுவித்தாலும், மதத்துக்காகச் சிறுவனின் உடலை இப்படி மாற்றுவது உடற்காயம்தான் என்று 2012 மே மாதம் அங்குள்ள நீதிமன்றம் சொன்னது. யூதர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். யூதர்களுக்கு எட்டாம் நாள் என்பது விட்டுக்கொடுக்க முடியாத நாள். அதே டிசம்பரில் நாடாளுமன்றம் பெற்றோருக்கு அனுமதி தரும் சட்டத்தை நிறைவேற்றியது. எங்கள் ஊரில் தடை வந்தால் சுன்னத் நிற்காது. மருத்துவமனைக் கதவு மூடும், பழைய மரக்கால் திரும்ப வெளியே வரும்.

எங்களுக்கு எட்டாம் நாள் மாதிரி கட்டாயம் கிடையாது. நாங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், அதாவது அந்தச் சட்டப் பிரிவில், இதைச் சுன்னத் என்கிறார்கள், நபிவழி என்று பொருள், கட்டாயக் கடமை இல்லை; பருவம் வருவதற்குள் செய்துகொள்ளலாம். அதனால் பத்து வயது வரை காத்திருந்து பையனிடமே கேட்க மார்க்கத்தில் இடம் இருக்கிறது. ஆனால் கூடப் படிக்கும், கூட விளையாடும் எல்லாப் பையனுக்கும் ஆகியிருக்கும்போது அவன் வேண்டாம் என்றா சொல்லப்போகிறான்? அதற்காகக் கேட்காமலே விடலாமா என்றால் அதற்கும் மனம் ஒப்பவில்லை.

எனக்கு இரண்டாவது மகன் பிறந்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. நன்னி, அதாவது பாட்டி, சுன்னத்துக்கு நாள் பார்த்துவிட்டார். மருத்துவமனைக்குப் பேசிவிட்டாயா என்று அத்தா தினமும் ஃபோனில் கேட்கிறார். நான் இன்னும் பேசவில்லை.