டைல்ஸ் ஏன் எழும்புகிறது? தரை குறித்த வாசகர் கேள்விகள்

ஹாலில் இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டு மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் ‘டப்’பென்ற சத்தத்தோடு நடுவில் நான்கு டைல்ஸ் கூடாரம்போல் எழும்பிவிட்டன. டைல்ஸ் மட்டமா, வேலை மட்டமா?
- வாசகி, திருச்சி

பெயர்ந்த டைல்ஸ் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் கழுவி வைத்ததுபோலச் சுத்தமாக இருந்தால், தரையில் நிற்கும் கலவையில் டைல்ஸின் கட்டம் கட்டமான அச்சு தெரிந்தால், குறை ஒட்டியதில்தான்.

விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்குள்தான். பழைய செராமிக் டைல்ஸில் சிமென்ட் பால் துளைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடில் இறங்க இடமே இல்லை. காய்ந்ததும் பிடி விட்டுவிடும். மெல்லத் தட்டினால் ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் வரும்.

அடுத்த காரணம் இடைவெளி. டைல்ஸ்களை முட்ட முட்ட ஒட்டி, சுவரோரத்திலும் கலவையை அடைத்துவிட்டால், வெயிலில் தரை விரிவதற்கு வழியில்லை. நெருக்கம் ஏறிக்கொண்டே போய், பிடி இல்லாத இடத்தில் எழும்பிவிடுகிறது.

இனி செய்ய வேண்டியது: அறை முழுக்க ஒரு நாணயத்தால் தட்டி, வெற்றுச் சத்தம் வரும் டைல்ஸ்களில் சாக்பீஸ் குறி போடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அவற்றை மட்டும் எடுத்து, பழைய கலவையைக் கொத்தி, தூசி போகத் துடைத்து, பாலிமர் கலந்த டைல் அட்ஹெசிவில், அதாவது டைல்ஸ் ஒட்டும் பசையில் (இந்தியத் தர எண் ஐஎஸ் 15477 முத்திரை, டைப் 2) ஒட்டலாம். அட்ஹெசிவைப் பல் வைத்த கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுக்க வேண்டும். நான்கு மூலைக்கும் நடுவுக்கும் உருண்டை வைத்து அழுத்துகிற வேலையை அனுமதிக்காதீர்கள். உருண்டைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் கனமான பொருள் விழுந்தால் டைல்ஸ் விரிசல் விடும். 3 மி.மீ. கனத்தில் 20 கிலோ மூட்டை ஏறத்தாழ 45 முதல் 50 சதுர அடிக்கு வரும். டைல்ஸ் நடுவே 2 முதல் 3 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி காக்கும் சிறு துண்டு) வையுங்கள். சுவரோரம் 6 முதல் 8 மி.மீ. வெறுமனே விடுங்கள், ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) அதை மறைத்துவிடும். பாதிக்கு மேல் குறி விழுந்தால் ஒட்டுவேலை பார்க்காமல் முழுத் தரையையும் எடுத்துவிடுவதே நல்லது.

ஆத்தங்குடி டைல்ஸ் போட ஆசை. சமையலறை உட்பட வீடு முழுக்கப் போடலாமா?
- வாசகர், கோவை

ஹால், முற்றத்தைச் சுற்றிய நடை, பூஜை அறை, படுக்கையறைக்குத் தாராளமாகப் போடுங்கள். சமையலறைக்கும் குளியலறைக்கும் வேண்டாம்.

காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடியில் இது சூளையில் சுட்டுச் செய்யப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, ஆக்சைடு சேர்ந்த வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே உலர்ந்த சிமென்ட்-மணல், அதன்மேல் ஈரக் கலவை என்று அடுக்கி, பிறகு தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். பளபளப்பு முழுக்க அந்தக் கண்ணாடி தந்தது. மேலே கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு எதுவும் கிடையாது. ஆகவே எலுமிச்சை, புளி, வினிகர், டாய்லெட் கிளீனர் எதுவானாலும் நேரடியாகச் சிமென்டை அரிக்கும். மஞ்சள் கறை உள்ளே இறங்கும். சமையலறையில் இதையெல்லாம் எப்படித் தடுப்பது?

வாங்கும்போது ஒரே நாளில் செய்த சரக்காகக் கேளுங்கள். கைவேலை என்பதால் நிறத்தில் சிறு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். நாலைந்து பெட்டிகளைக் கலந்து போட்டால் அதுவே அழகாகிவிடும். சரியாக ஊறாத டைல்ஸில் பின்னால் மயிரிழை விரிசல் வரும். அதனால் அவசர ஆர்டர் கூடாது. ஒன்றரை முதல் இரண்டு அங்குலக் கலவைப் படுகையில், ஒன்றோடொன்று ஒட்டி அடுக்குவார்கள். மேலே சிமென்ட் சிந்தினால் ஆசிட் போட்டுக் கழுவ விடாதீர்கள், ஈரம் காயும் முன்பே துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தரைத்தளமாக இருந்தால் கீழிருந்து ஈரம் ஏறாதபடி முதலில் தடுப்பு செய்யுங்கள். இல்லாவிட்டால் வெள்ளை உப்புப் பூத்து வண்ணம் மங்கிவிடும். பராமரிப்பு எளிது: வெறும் தண்ணீர்த் துணி, அவ்வப்போது துளி தேங்காய் எண்ணெய். புழங்கப் புழங்க மெருகு கூடும்.

அம்மாவுக்கு எழுபது வயது. குளியலறைத் தரை வழுக்குகிறது. எந்த டைல்ஸ்?
- வாசகி, திருநெல்வேலி

மேட் ஃபினிஷ் என்று சொல்லி எதைக் கொடுத்தாலும் வாங்கிவிடாதீர்கள். பெட்டியில் வழுக்காத் தன்மையைக் குறிக்கும் ஆர்10 அல்லது ஆர்11 என்று இருக்கிறதா பாருங்கள். எண் ஏற ஏறப் பிடிப்பு கூடும். ஒரு அடிக்கு ஒரு அடி, அல்லது அதைவிடச் சிறியது போதும். பெரிய டைல்ஸில் வாட்டம் கொடுக்க முடியாது. தேங்கும் சோப்புத் தண்ணீர்தான் பாதி ஆபத்து. எட்டு அடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் வேண்டும். ஒட்டும் முன் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, வடிகாலை அடைத்து, 24 முதல் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கிரவுட்டுக்கு, சிமென்டுக்குப் பதிலாக எபாக்ஸி என்கிற பிசின் கலவை போடுங்கள். அதைப் பூசிய உடனேயே துடைக்க வேண்டும். காய்ந்தால் டைல்ஸ் மேல் படலமாக நின்றுவிடும்.

நாற்பது வருடத்து மொசைக் தரை மங்கிவிட்டது. அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாமா?
- வாசகர், மதுரை

ஒட்டலாம். ஆனால் மொசைக் இறங்காமல், பெரிதாக விரிசல் விடாமல் இருந்தால் அதை மறைப்பது எனக்கு மனம் வராத காரியம். மொசைக் பாலிஷ்காரரை அழையுங்கள். முதலில் குழிகளையும் மயிரிழைகளையும் அதே நிறச் சிமென்டால் அடைத்து ஆறவிட வேண்டும். பிறகு 60-ஆம் எண் தேய்ப்புக் கல்லில் தொடங்கி 120, 220 என்று நயமான கல்லுக்கு ஏறி, கடைசியில் ஆக்ஸாலிக் ஆசிட் பாலிஷ். இடையில் ஒரு கல்லைத் தாண்டினால் கீறல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். ஈரமாகத் தேய்ப்பதால் சேறு சுவரில் தெறிக்கும். பெயின்டைத் தரை முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

டைல்ஸ்தான் வேண்டுமென்றால், மொசைக்கைக் கொத்திச் சொரசொரப்பாக்கி அட்ஹெசிவில் மட்டும் ஒட்டுங்கள். மாடியில் ஒன்றரை அங்குலக் கலவை போட்டு ஒட்டினால் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 900 கிலோ கூடுதல் பாரம், அட்ஹெசிவில் கால்பங்குதான். தரை ஒன்றரை செ.மீ. வரை உயரும். கதவின் அடியைச் சீவ வேண்டி வரும்.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை பெட்டி?
- வாசகர், வேலூர்

தரை 120 சதுர அடி, 4 அங்குல ஸ்கர்ட்டிங்குக்கு ஏறத்தாழ 14, வெட்டுச் சேதத்துக்கு 7 சதவீதம்: மொத்தம் 143. இரண்டுக்கு இரண்டு, நான்கு டைல்ஸ் கொண்ட பெட்டி 15.5 சதுர அடி. பத்துப் பெட்டி வாங்குங்கள். மூலைவாட்டில் போடுவதானால் சேதம் 15 சதவீதம் வரை போகும், பத்து மட்டுமட்டாகத்தான் வரும், பதினொன்றாக வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றா என்று இறக்கும்போதே பாருங்கள். மிஞ்சும் டைல்ஸைப் பரணில் போட்டு வையுங்கள். ஐந்து வருடம் கழித்து அதே ஷேடு கடையில் கிடைக்காது.