வலது காதில் மட்டும் பாட்டு கேட்கவில்லையா?

உங்கள் பாட்டுக் கேட்கும் பிளேயரை மாற்ற அவசரப்படாதீர்கள். இயர்போன் செருகும் துளையைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். தினமும் நிலாவெளிக் கடற்கரையில் பாட்டுக் கேட்டபடி நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உப்புக் காற்று துளைக்குள் இருக்கும் மெல்லிய தகடுகளில் படிந்து அரித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதற்கு முன், அதே இயர்போனைக் கைபேசியில் செருகிப் பாருங்கள். அங்கும் வலது காது ஊமை என்றால் பழுது இயர்போனில்தான். பிளேயரைத் தொடவே வேண்டாம். கைபேசியில் இரண்டு காதிலும் கேட்டால், பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மைக் இல்லாத சாதாரண இயர்போனில் அதன் நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. வளையத்தில் பச்சையாகவோ கறுப்பாகவோ ஏதேனும் தெரிந்தால் துளைக்குள்ளும் அதே கதைதான்.

பிளேயரை அணைத்துவிட்டு, பல்குச்சியில் துளி பஞ்சைச் சுற்றி, ஐசோப்ரோப்பைல் அல்ககோலில் நனைத்துப் பிழிந்து, உள்ளே மெதுவாகச் சுழற்றுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே இயக்குங்கள். ஊசி, கம்பி எதையும் விட்டுக் குடையாதீர்கள். தகடு வளைந்தால் துளையையே மாற்ற வேண்டிவரும்.

சுத்தம் செய்த பிறகும் பிளக்கை அசைக்கும்போது சத்தம் வந்து வந்து போனால், உள்ளே ஈயப்பற்று விட்டிருக்கலாம். கைபேசி திருத்தும் கடையில் கொடுத்துப் பற்றவையுங்கள்.