கால் வட்டத்தின் கோணம் ஏன் மாறுவதில்லை?

கேள்வி: பெரிய வட்டத்தின் கால் பங்குக்கும் சிறிய வட்டத்தின் கால் பங்குக்கும் கோணம் ஒன்றே என்பதை ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஏற்க மறுக்கிறாள். பெரிய துண்டுக்குப் பெரிய கோணம்தானே என்கிறாள். பின்னங்களைக் கூட்டும்போதும் 1/3 + 1/4 = 2/7 என்று எழுதிவிடுகிறாள். ஒரு சுற்றை 100 என்று வைக்காமல் 360 பாகை என்று வைத்தது ஏன் என்றும் கேட்கிறாள். எப்படி விளக்குவது?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: துண்டு பெரிது என்று உங்கள் மகள் சொல்வது சரியே, எது பெரிது என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். 12 அங்குல விட்டமுள்ள தோசையையும் 6 அங்குல விட்டமுள்ள தோசையையும் நான்கு சம பங்காக வெட்டுங்கள். பெரிய தோசையின் கால் துண்டுக்கு வளைந்த விளிம்பின் நீளம் இரண்டு மடங்காகவும், பரப்பு நான்கு மடங்காகவும் இருக்கும். ஆனால் சிறிய துண்டைப் பெரிய துண்டின்மேல், முனையோடு முனை சேர வைத்தால், இரண்டின் நேர் ஓரங்களும் பிசகாமல் பொருந்தும். மையத்தில் நிற்பவர் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்வையைத் திருப்ப, முழுச் சுற்றில் எத்தனை பங்கு திரும்ப வேண்டுமோ, அந்தப் பங்கே கோணம். விளிம்பு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அது கேட்பதே இல்லை.

ஆகவே பாகை என்பதும் ஒரு பின்னம்தான்: ஒரு சுற்றில் 1/360 பங்கு. நம் பழைய பின்னப் பெயர்கள் இதற்குப் பெரிதும் உதவும். கால் என்றால் 90 பாகை. அதில் பாதியான அரைக்கால், அதாவது 1/8, 45 பாகை. அதிலும் பாதியான வீசம், அதாவது 1/16, இருபத்திரண்டரைப் பாகை. ‘அரைக்கால்’ என்று சொல்லும்போதே கணக்குப் பாதி முடிந்துவிடுகிறது என்பதால், இச்சொற்களைப் பிள்ளைகள் வீட்டிலாவது கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்.

360 என்ற வழக்கு, அறுபது அறுபதாக எண்ணிய பாபிலோனியரின் கணக்கு முறையோடு தொடர்புடையது. அது நிலைத்ததற்கு அதன் வகுபடும் தன்மையும் ஒரு காரணம்: 100-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 9, 360-க்கோ 24. ஒன்று முதல் பத்து வரை 7 மட்டுமே அதற்கு ஒத்துவராது. சுற்றை 100 என்று வைத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கே முழு எண்ணாக வந்திராது.

இனி அந்தக் கூட்டல். 1/3 என்பது 120 பாகை. அவள் எழுதிய 2/7-ஐப் பாகையாக்கினால் ஏறத்தாழ 103 வரும். இன்னொரு பங்கைச் சேர்த்த பிறகு விடை முதல் பங்கைவிடக் குறைந்திருப்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். பிறகு கடிகாரத்தின் சின்ன முள்ளைக் காட்டுங்கள். அது 12-இலிருந்து 4-க்கு வந்தால் மூன்றில் ஒரு சுற்று. அங்கிருந்து கால் சுற்று, அதாவது இன்னும் 90 பாகை, நகர்ந்தால் 7-இல் நிற்கும். மொத்தம் 210 பாகை, பன்னிரண்டில் ஏழு பங்கு. பகுதியாக 12 வருவது ஏன் என்பதும் அந்தக் கடிகார முகப்பிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.