பல்துறை ஆய்வு மையத்தில் பிஎச்டி சேர்ந்தால் ஆழம் போய்விடுமா?

கேள்வி: வேதியியலில் முதுகலை முடித்திருக்கிறேன். நீடித்த வளர்ச்சி, உலக நாடுகளின் முன்னேற்றம் பற்றிப் பல துறையினர் சேர்ந்து ஆய்வு செய்யும் ஒரு பல்கலைக்கழக மையத்தில் பிஎச்டி இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. போனால் எதிலும் முழுதாகத் தேறாமல் போய்விடுவேனா?

பதில்: நான் அப்படிப்பட்ட ஒரு மையத்தில்தான் ஆய்வாளராக இருக்கிறேன். தாராளமாகப் போங்கள். ஆனால் அதற்கு முன், ஆய்வுக் கேள்வியை அங்கே யார் உருவாக்குகிறார்கள் என்று பாருங்கள். ஒரே துறை கேள்வியை முடிவு செய்துவிட்டு, மற்றவர்களைக் கடைசியில் கூப்பிடும் இடம் என்றால் வேண்டாம்.

உங்கள் துறையிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். வங்கதேசத்தில் 1970களில் குளத்து நீரால் பரவிய காலராவையும் வயிற்றுப்போக்கையும் தடுக்க, யுனிசெஃப் உதவியோடு ஊர் ஊராகக் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். கிருமியை மட்டும் பார்த்தால் சரியான முடிவுதான். ஆனால் நிலத்தடி வண்டலில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருந்தது, அதை யாரும் சோதிக்கவில்லை. 1993இல்தான் வெளியே தெரிந்தது. அப்புறம் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். (உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு 10 மைக்ரோகிராம்தான்.)

அங்கே அரைஹசார் என்ற பகுதியில் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஒன்று 2000 முதல் உள்ளூர் ஆய்வாளர்களோடு வேலை செய்தது. ஒரு கிணற்றில் நஞ்சு நிறைய இருந்தாலும் சில பத்து மீட்டர் தள்ளியிருக்கும் கிணறு நல்லதாக இருக்கலாம் என்று புவியியலாளர்கள் காட்டினார்கள். அப்படியானால் கைக்கெட்டும் தீர்வு பக்கத்து வீட்டுக் கிணறு. சரி, பக்கத்து வீட்டார் விடுவார்களா? குடத்தோடு எவ்வளவு தூரம் நடக்க முடியும்? இதற்கு எந்த ஆய்வகக் கருவியும் பதில் சொல்லாது. பொருளியலாளர்கள் போய்ப் பார்த்தபோது, தங்கள் கிணறு ஆபத்தானது என்று தெரிந்துகொண்ட குடும்பங்களில் பாதிக்கும் மேல் ஒரே ஆண்டில் வேறு கிணற்றுக்கு மாறியிருந்தன. மருத்துவக் குழு சிறுநீரில் ஆர்செனிக் குறைந்ததை அளந்தது. பின்னாளில் அரசு போட்ட ஆழ்குழாய்க் கிணறுகள் தேவைப்பட்ட எல்லோருக்கும் எட்டாமல் ஒருசில இடங்களிலேயே குவிந்திருந்ததும் வரைபடத்தில் தெரிந்தது. அதில் செல்வாக்குக்கும் பங்கு இருந்தது. அந்தக் குழுவில் ஒரு துறை இல்லாமல் போயிருந்தாலும் கதையில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். இந்த வேலையை எனக்கு இவ்வளவு பிடித்திருப்பதற்குக் காரணமே இதுதான்.

அவரவர் தங்கள் துறையில் ஆழமாக இருந்ததால்தான் இது நடந்தது என்பதையும் கவனியுங்கள். அளவீடு தெரியாத வேதியியலாளரால் அந்தக் குழுவுக்கு என்ன பயன்? அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரமும் அரசியல் அறிவியலில் ஊன்றி நின்றவர்தான். 1973இல் கணவரோடு இந்தியானா பல்கலைக்கழகத்தில் பல துறையினர் சேர்ந்து வேலை செய்யும் ஒரு ஆய்வுப் பட்டறையைத் தொடங்கினார். காடு, மீன்வளம், பாசனம் போன்ற பொதுச் சொத்துகளை மக்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார்.

எனவே சேரும் முன், அந்த மையத்தின் கட்டுரைகளில் வெவ்வேறு துறையினர் ஒரே கட்டுரையில் சேர்ந்து எழுதுகிறார்களா என்று பாருங்கள். ஏழை நாடுகளில் ஆய்வு நடந்தால் அந்த நாட்டு ஆய்வாளர்களின் பெயர் இருக்கிறதா என்பதும் முக்கியம். தரவு சேகரித்துக் கொடுப்பதற்கு மட்டும் அவர்களைப் பயன்படுத்தும் இடங்கள் உண்டு. அது அநியாயம் என்பேன், ஆய்வும் அதனால் கெடும்.

வேலை விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் துறைவாரியாகத்தான் ஆள் எடுக்கின்றன. பட்டம் எந்தத் துறையின் பெயரில் வரும், வேதியியலில் ஒரு கைடு உண்டா, நிதி முடிந்தால் உதவித்தொகை என்ன ஆகும் என்பதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இப்போது அங்கே படிப்பவர்களிடமும் தனியாகப் பேசுங்கள். சேர்ந்த பிறகு முதல் ஆண்டிலேயே ஆய்வுக்காக மக்களிடம் நேர்காணல் எடுக்கும் முறையை ஒரு பாடமாகப் படித்துவிடுங்கள், ஆய்வகத்தில் உங்கள் இடத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.