நெஞ்சில் ‘ரப்’, முட்டியில் ‘நறநற’: நீலகிரி வாசகர்களுக்கு டாக்டர் பதில்

(குன்னூர், உதகை, கோத்தகிரி, கூடலூர், மஞ்சூர் பக்கமிருந்து வந்த கேள்விகள். பதில் சொல்பவர் மலையிலேயே நெடுநாள் வேலை பார்த்த பொது மருத்துவர்.)

குன்னூர் வாசகி: வணக்கம் டாக்டர். அப்பாவுக்கு நிமோனியா வந்து கோவையில் சேர்த்திருந்தோம். டிஸ்சார்ஜ் தாளில் ‘வலது பக்கம் ப்ளூரல் ரப்’ என்று எழுதியிருக்கிறார்கள். இது தனி வியாதியா?

இல்லைம்மா. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்ட ஒரு சத்தத்தின் பெயர் அது. நுரையீரலைச் சுற்றி ப்ளூரா என்று இரண்டு மடிப்பாக மெல்லிய உறை இருக்கிறது. உள்மடிப்பு நுரையீரலோடு ஒட்டியிருக்கும், வெளிமடிப்பு விலாக்கூட்டின் உட்பக்கம். நடுவில் கொஞ்சமே கொஞ்சம் திரவம். அதனால் மூச்சு விடும்போது இரண்டும் சத்தமில்லாமல் வழுக்கிப் போகும். நிமோனியாவோ காசநோயோ வந்து உறை அழன்றுவிட்டால் மேற்பரப்பு சொரசொரப்பாகி, ஒன்றோடொன்று உராயும். நுரையீரல் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்தாலும் இப்படி ஆகலாம். அந்த உராய்வொலிதான் ரப்.

ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ ஏடுகளிலேயே, தோல் கிறீச்சிடுவது போன்ற சத்தம் என்று இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் லென்னக் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தது 1816இல்தான். அதற்கு முன் நெஞ்சில் நேராகக் காதை வைத்துத்தான் கேட்டார்கள். புதுப்பனியில் நடக்கிற சத்தம் என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும். நம் ஊரில் டிசம்பர், ஜனவரியில் புல்மேல் படிகிற உறைபனியை வைத்துக்கொண்டு அதைப் புரியவைக்க முடியாது!

மூச்சை இழுத்தால் விலாவில் குத்துகிறது என்று அப்பா சொல்லியிருப்பாரே? நுரையீரலுக்குள் வலி உணரும் நரம்பு இல்லை, வெளி உறைக்கு உண்டு.

அதே வாசகி: ஆமாம், குத்து இருந்தது. இப்போது குறைந்துவிட்டது, சத்தமும் இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் குணமாகிவிட்டதுதானே?

பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். இரண்டு உறைகளுக்கும் நடுவே நீர் கோத்துக்கொண்டாலும் உராய்வு நின்றுவிடும். சத்தம் போகும், குத்தும் குறையும், நோயாளியும் ‘தேவலை’ என்பார். உள்ளே நீர் ஏறிக்கொண்டே இருக்கும். எனவே வலி குறைந்ததை மட்டும் பார்க்காதீர்கள். காய்ச்சல் விட்டதா, மேடு ஏறும்போது முன்பைவிட மூச்சு வாங்குகிறதா, பசி எடுக்கிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு எக்ஸ்ரே அல்லது நெஞ்சு அல்ட்ராசவுண்ட் போதும். நீர் கோத்திருந்தால் காசநோய் உண்டா என்று பார்க்காமல் விடக் கூடாது. அதற்கான மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

உதகை, நர்சிங் மாணவி: மேடம், ப்ளூரல் ரப், இதய உறை ரப், க்ரெப்ஸ் மூன்றும் குழப்புகிறது. எப்படிப் பிரிப்பது?

முதலில் மூச்சை அடக்கச் சொல்லுங்கள். சத்தம் நின்றால் ப்ளூரா. இதயத்துடிப்போடு சேர்ந்து தொடர்ந்தால் பெரிகார்டியம், அதாவது இதய உறை.

அடுத்து, இருமச் சொல்லுங்கள். க்ரெப்ஸ் என்பது சிறு மூச்சுக்குழல்களும் காற்றறைகளும் படக்கென்று திறக்கும் சத்தம், சளி அசையும் சத்தமும் அதில் சேரும். இருமிய பிறகு அது மாறலாம், மறையலாம். ரப் மாறாது. தவிர, க்ரெப்ஸ் பெரும்பாலும் மூச்சை இழுக்கும்போது கேட்கும், ப்ளூரல் ரப் இழுக்கும்போதும் விடும்போதும் கேட்கும். விலாவின் கீழ்ப்பக்கவாட்டில் தேடுங்கள், நுரையீரல் அதிகம் நகரும் இடம் அதுதான்.

இதய உறை ரப்புக்கு நோயாளியை உட்காரவைத்து முன்னால் சாயச் சொல்லி, மூச்சை முழுதாக வெளியே விட்ட நிலையில், நெஞ்செலும்பின் இடது கீழோரம் ஸ்டெதாஸ்கோப்பின் டயஃப்ரத்தை (தட்டையான முகத்தை) அழுத்தி வைத்துக் கேட்க வேண்டும். ஒரு துடிப்புக்கு மூன்று முறைகூட உராயலாம். காலையில் கேட்டது மாலையில் இருக்காது, மறுநாள் திரும்ப வரும். கேஸ் ஷீட்டில் ஒருவர் ‘ரப் உண்டு’ என்றும் இன்னொருவர் ‘இல்லை’ என்றும் எழுதினால் சண்டை போடாதீர்கள். கேட்ட நேரத்தையும் எழுதுங்கள்.

இன்னொன்று, க்ரெப்ஸும் க்ரெபிடஸும் ஒன்றல்ல. நம் ஆஸ்பத்திரிகளில் நுரையீரலுக்குத்தான் க்ரெப்ஸ் என்போம். மூட்டு, எலும்பு, தோலுக்கடியில் என்றால் க்ரெபிடஸ்.

கோத்தகிரி, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்: அம்மா, சரிவில் இறங்கும்போது முட்டியில் நறநறவென்று சத்தம். எலும்பு தேய்ந்துவிட்டதா?

வலி, வீக்கம் இல்லாத வெறும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். நல்ல முட்டியிலும் வரும். மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டானாலும் சொடுக்கு விழும். ஏறுவதைவிட இறங்கும்போது முட்டிச் சில்லுக்குப் பின்னால் சுமை கூடும், முதுகில் கூடையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். தொடையின் முன்தசையைப் பலப்படுத்தினால் குறையும்: நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, கொஞ்ச நேரம் நிறுத்தி இறக்குங்கள். வலியோடு சத்தம், முட்டி வீங்குவது, மடக்கியது நீட்ட வராமல் மாட்டிக்கொள்வது இருந்தால் காட்டுங்கள்.

கூடலூர் வாசகர்: தங்கைக்கு சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்). இடது மேல் வயிற்றில் வலி என்று போனால் டாக்டர் அங்கே ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். வயிற்றில் என்ன கேட்கும்?

சரியாகத்தான் கேட்டிருக்கிறார். அங்கே மண்ணீரல் இருக்கிறது. அரிவாள் வடிவச் செல்கள் ரத்தக்குழாயை அடைத்தால் மண்ணீரலின் ஒரு பகுதி ரத்தமில்லாமல் செத்துப்போகும். அதன் மேலுறை அழன்று, மூச்சுக்கு மூச்சு உராயும். இந்தியாவில் சிக்கிள் செல் முதலில் கண்டறியப்பட்டதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். மலையில் வேலை செய்யும் டாக்டர் இந்த இடத்தில் காதை வைக்காவிட்டால் வேறு யார் வைப்பது? தங்கைக்கு நெஞ்சுவலியோ காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் காத்திருக்காமல் உடனே சேர்த்துவிடுங்கள்.

மஞ்சூர் வாசகர்: சிறுநீரகம் பழுதான அண்ணனுக்கு ‘ரப்’ கேட்டதும் பதறிப்போய் அட்மிட் செய்தார்கள். ஏன்?

யூரியா முதலிய கழிவுகள் ரத்தத்தில் ஏறி இதய உறை அழன்றிருக்கலாம். உறைக்குள் நீரோ ரத்தமோ சேர்ந்து இதயத்தை நெருக்கினால் உயிருக்கே ஆபத்து. எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பார்கள், டயாலிசிஸைத் தீவிரப்படுத்துவார்கள். அப்போது ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பரினை முடிந்தவரை தவிர்ப்பார்கள். பதறியது நியாயம்தான்.

குந்தா வாசகர்: பைக்கில் விழுந்து விலாவில் அடி. தோலை அழுத்தினால் உள்ளே மொறுமொறுவென்று நொறுங்குவது போல இருக்கிறது.

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். விலா முறிந்து நுரையீரலைக் குத்தி, காற்று தோலுக்கடியில் கசிந்திருக்கலாம். அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள். 108க்கு அழையுங்கள்.