21 வளைவுகளும் கலிபியேயும்: ஆல்ப்ஸில் சைக்கிள் மிதிக்கக் கேட்டவர்களுக்கு

பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து நகரமான கிரெனோபிளுக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து கோடை ஞாயிறு என்றால் சைக்கிளும் கையுமாக உவாசான் மலைப்பக்கம் கிளம்பிவிடுவேன். அங்கே சைக்கிள்காரர்கள் ஏறத் துடிக்கும் ஆல்ப் துயெஸ் மலைச்சாலை பற்றியும் கலிபியே கணவாய் பற்றியும் கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்றாகப் பதில் சொல்லிவிடுகிறேன். நான் ரேஸ்காரன் இல்லை. எடை 75 கிலோ, வயது 40ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கில் படியுங்கள்.

கோவையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவும் ஏறியிருக்கேன். ஆல்ப் துயெஸ்ல வெறும் 21தானே?

வளைவை எண்ணிக் கணக்குப் போடாதீங்க தம்பி. 13.8 கி.மீ. தூரம், சராசரி ஏற்றம் 8.1 சதவீதம், அதாவது 100 மீட்டர் போனால் 8.1 மீட்டர் உயரம். அடிவாரத்தில் பூர் துவாசான் என்ற ஊர் 720 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேலே பனிச்சறுக்கு ஊர் 1850 மீட்டரில். கொல்லிமலை ஏறிய காலுக்கு இது முடியாத காரியம் இல்லை, ஆனால் ஆளைக் கவிழ்ப்பது முதல் 2 கி.மீ.தான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் திரும்பியதும் உடம்பு சூடாவதற்குள் 10 சதவீதத்துக்குக் குறையாத சுவர் ஒன்று எதிரே நிற்கும். கூட இருப்பவர்கள் எல்லாம் பறப்பார்கள், நாமும் பறப்போம், பத்தே நிமிஷத்தில் கதை முடிந்துவிடும். வளைவுகளுக்கு எண் தலைகீழாகப் போகும், கீழே 21, உச்சியில் 1. 16ஆம் எண்ணுக்கு லா கார்த் கிராமம் வந்துவிடும். அதுவரை பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஒவ்வொரு வளைவிலும் சாலை கொஞ்சம் தட்டையாகும், அங்கே ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம்.

7ஆம் வளைவைக் காட்டி "டச்சு வளைவு" என்பார்கள். 1976இலிருந்து 1989க்குள் இங்கே முடிந்த டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் ஒரு நாள் கட்டங்களில் 8ஐ நெதர்லாந்துக்காரர்கள் ஜெயித்தார்கள். மலையே இல்லாத ஊர்க்காரர்கள்! ஆகவே கோவையில் இருந்து வருவதற்குத் தயங்கவே வேண்டாம்.

சென்னையிலிருந்து: ஒன்றரை மணி நேரத்தில் ஏற எத்தனை வாட் தேவை?

இதற்கு ஆப் எல்லாம் வேண்டாம், பள்ளிக்கூட இயற்பியல் போதும். ஆள் 75, சைக்கிளும் தண்ணீரும் 10, மொத்தம் 85 கிலோ. அதை ஏறத்தாழ 1120 மீட்டர் தூக்க 930 கிலோஜூல் சொச்சம் ஆகும். 90 நிமிஷம் என்றால் 173 வாட், டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் 20 சேர்த்தால் 190ஐ ஒட்டி வரும். 75 நிமிஷத்துக்கு 230 வேண்டும். ஒரு மணிக்குள் ஏறணும் என்றால் 290 பக்கம் போய்விடும். நம் எடையில் அது சாதாரண ஆளுக்கான எண் இல்லை, அதனால் சைக்கிளில் 300 கிராம் குறைக்கக் காசைக் கொட்டுவதற்கு முன்னால் வயிற்றைப் பாருங்கள். (எனக்கே சொல்லிக்கொண்டதுதான்.)

அதே நண்பர்: பல்சக்கரம் முன்னால் 34 பல், பின்னால் பெரியது 28 பல் இருக்கு. போதுமா?

போதாது. பின்னால் 34 போடுங்கள். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் 34க்கு 28இல் மணிக்கு 9 கி.மீ. வேகத்துக்குக் குறையாது, 8 சதவீத ஏற்றத்தில் அதற்கே 180 வாட் கேட்கும். 34க்கு 34 என்றால் 150இல் அடங்கிவிடும். களைத்த பிறகு அந்த 30 வாட் வித்தியாசத்தில்தான் முழங்கால் தப்பிக்கும். பெரிய பல்சக்கரம் போட்டால் கேவலம் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே போங்கள்.

லண்டனிலிருந்து ஒரு தங்கை: கலிபியேவை எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவது?

இது எனக்குப் பிடித்த கேள்வி. ஆல்ப் துயெஸ்ஸுக்குப் பேர் பெரிசு, காட்சி கம்மி. உச்சியில் ஹோட்டல்களும் கார் நிறுத்தமும்தான். கலிபியே அப்படியில்லை, அது உண்மையான மலை, 2642 மீட்டர்.

வடக்கே சேன் மிஷேல் த மோரியெனிலிருந்து ஏறினால் முதலில் தெலெகிராஃப் கணவாய், 12 கி.மீ., சராசரி 7 சதவீதம், மரநிழல். அப்புறம் வல்லுவார் ஊருக்குக் கொஞ்சம் இறக்கம். அங்கே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுங்கள், ஏனென்றால் இன்னும் 18 கி.மீ. இருக்கிறது. பாதிவரை பள்ளத்தாக்கின் அடியிலேயே போகும், பெரிய கஷ்டம் தெரியாது. பிளான் லஷா என்ற இடத்தில் சாலை சட்டென்று வலப்பக்கம் திரும்பி மலைச்சுவரில் ஏறத் தொடங்கும். கடைசி 8 கி.மீ.யில் மரம் கிடையாது, காற்று மட்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தமும் கடல்மட்டத்தைவிடக் கால்வாசிக்கு மேல் குறைவு, வழக்கமான வேகம் வரவில்லையே என்று பதறக் கூடாது.

1911இல் டூர் முதல்முறை இங்கே வந்தபோது எமில் ஜோர்ஜே முதலாவதாக ஏறினார். அன்றைக்குச் சாலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே சுரங்கத்தில் நுழைந்து மறுபக்கம் போனது. 1976இல் சுரங்கத்தை மூடிய பிறகுதான் மேலே போகும் சாலை போட்டார்கள். சுரங்கம் மறுபடி திறந்துவிட்டாலும் அது சைக்கிளுக்கு இல்லை, அந்தக் கடைசி ஒரு கி.மீ. சுரீரென்ற ஏற்றத்தை நாம்தான் அனுபவிக்க வேண்டும். தெற்குப் பக்கம் இறங்கினால் டூரைத் தொடங்கிய ஆன்றி தெகிரான்ஜின் நினைவுத்தூண் இருக்கிறது.

முதல்முறை என்றால் தெற்கே லோத்தாரே கணவாயிலிருந்து ஏறுங்கள், அது சுமார் 8.5 கி.மீ.தான். மேஜ் சிகரத்துப் பனி வழியெல்லாம் கண்ணில் படும்.

கொழும்பிலிருந்து: இறக்கம்தான் பயமா இருக்கு. பிரேக் சூடாகுமாமே?

பயம் இருப்பது நல்லது. ஆல்ப் துயெஸ் ஏறும்போது உயரத்தில் சேர்த்துவைத்த அந்த 930 கிலோஜூலும் இறங்கும்போது எங்காவது போக வேண்டும், பாதி காற்றுக்குப் போனாலும் மீதி பிரேக்கில் சூடாகத்தான் முடியும். பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் பெரிய தப்பு. நேர்ச்சாலையில் விட்டுவிடுங்கள், வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் போகும்போது பிரேக் விட்டிருக்க வேண்டும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தில் இருக்கணும். கை ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியில். ரிம் பிரேக்கோடு (சக்கரத்தின் விளிம்பையே அழுத்திப் பிடிக்கும் பிரேக்) கார்பன் சக்கரம் போட்டு இங்கே வராதீர்கள், அலுமினியம் போதும்.

பிரேக்கைவிட என்னைப் பயமுறுத்தியது குளிர். முதல் வருஷம் ஜூலை மாதம்தானே என்று கையுறை இல்லாமல் கலிபியே ஏறினேன். 1000 மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் குறையும், கீழே 28 என்றால் மேலே 15தான், அதில் வியர்த்த சட்டையோடு மணிக்கு 50இல் இறங்கினால் என்ன ஆகும்? விரல் மரத்துப்போய் பிரேக்கை அழுத்துகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. லோத்தாரேயில் நிறுத்தி சூடான சாக்லேட் கோப்பையை அரை மணி நேரம் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெல்லிய காற்றுச்சட்டை, முழுவிரல் கையுறை, இரண்டும் முதுகுப் பையில் கட்டாயம். மறந்துவிட்டால் பழைய ரேஸ்காரர்கள் செய்ததுபோலச் செய்தித்தாளைச் சட்டைக்குள் நெஞ்சில் செருகிக்கொள்ளுங்கள், வேலை செய்யும்.

பாரிஸிலிருந்து: அண்ணை, எனக்கு 58 வயது. மின் சைக்கிளில் வந்தால் சிரிப்பினமோ?

ஒருவரும் சிரிக்க மாட்டார்கள் அண்ணை, பாதிப் பேர் அதில்தான் வருகிறார்கள். பேட்டரியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 500 வாட்-மணி பேட்டரி ஆல்ப் துயெஸ்ஸுக்குத் தாராளம். தெலெகிராஃபும் கலிபியேயும் சேர்த்து 2100 மீட்டர் ஏற்றம், அதில் முழு உதவியை வைத்தால் உச்சிக்கு முன்னாலேயே தீர்ந்துவிடும், அப்புறம் 20 கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டியை நீங்கள்தான் தள்ளணும். வல்லுவாரில் சாப்பிடும்போதே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

தனியாக வரும் பெண்ணுக்குப் பாதுகாப்பா?

கோடையில் இந்தச் சாலைகளில் தனியாக இருக்கத்தான் கஷ்டப்படணும், அவ்வளவு கூட்டம். கவனிக்க வேண்டியது சுரங்கங்களை. பூர் துவாசானிலிருந்து லா கிராவ் போகும் பெருஞ்சாலையில் வரிசையாக வரும், முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். சில காலைகளில் ஏதாவது ஒரு கணவாயைக் கார்களுக்கு மூடி சைக்கிளுக்கு மட்டும் விடுவார்கள், அந்தத் தேதி பார்த்து வந்தால் சுகம். 2024 பெண்கள் டூரின் கடைசி நாள் ஆல்ப் துயெஸ்ஸில்தான் முடிந்தது, போலந்தின் நியவியாதோமா வெறும் 4 விநாடியில் மொத்தப் பட்டத்தையும் காப்பாற்றிக்கொண்டார். அந்தக் கடைசி கி.மீ.களை மிதிக்கும்போது அது ஞாபகத்துக்கு வரும்.

எந்த மாதம்?

ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை. மே மாதத்தில் கலிபியே பெரும்பாலும் பனியில் மூடித்தான் கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடி மழை வரும், ஆகவே காலை 7 மணிக்குக் கிளம்புங்கள்.

கடைசியாக ஒருவர்: தண்ணீர் கிடைக்குமா, காசு கொடுத்து வாங்கணுமா?

கிராமத்துக்குக் கிராமம் கல்தொட்டிக் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும், பனிபோலத் தண்ணீர். "நோன் பொத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள், தலையில் ஊற்றிக்கொள்ளலாம்.