கொரோனா மாதிரி ஒரு நிலைமை மறுபடி வந்தால், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களுக்கும் வேலைக்குப் போகும் பெற்றோருக்கும் என்ன செய்து கொடுக்க வேண்டும்?

சேலம் அழகாபுரம் பக்கம் வீட்டின் கீழ்ப்போர்ஷனில் 2013-லிருந்து டே கேர் நடத்துகிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு சும்மா கடந்து போக மனசு வரவில்லை. ஒரே வரியில் கேட்டால் என் பதில் இதுதான்: மூடச் சொல்லும் அன்றைக்கே, மூடியிருக்கும் நாட்களுக்கு ஆயாக்களின் சம்பளம் எங்கிருந்து வரும் என்று முடிவு செய்துவிட வேண்டும். சானிடைசர், தெர்மாமீட்டர், போஸ்டர் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

2020 மார்ச்சில் என்னிடம் 17 குழந்தைகள், 3 ஆயாக்கள். குழந்தைகளில் சின்னதுக்கு எட்டு மாதம். மார்ச் நடுவில் பள்ளிக்கூடம், பால்வாடி எல்லாம் மூடியபோது நாங்களும் மூடினோம். மாதக் கடைசியில் திறந்துவிடலாம் என்ற நினைப்பில், பிரித்த பால் பவுடர் டின்னைக்கூட அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. 22-ஆம் தேதி மக்கள் ஊரடங்கு, 24-ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144, மறுநாளிலிருந்து நாடே ஊரடங்கு. எங்கள் மூத்த ஆயா ஏற்காட்டில் நாகலூர் பக்கத்துக்காரர். 24-ஆம் தேதி மதியமே அவரை மலைக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். "பதினஞ்சு நாள்ல வந்துர்றேன் கண்ணு, பசங்க பாயெல்லாம் வெயில்ல போட்டு வை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் வேலைக்கு வரவில்லை.

தமிழ்நாட்டில் ப்ளே ஸ்கூல், எல்கேஜி, யுகேஜி எல்லாம் மறுபடி திறந்தது 2022 பிப்ரவரி 16 அன்று. ஒன்றாம் வகுப்புக்காரர்கள்கூட 2021 நவம்பர் 1 அன்றே போய்விட்டார்கள், சின்னக் குழந்தைகள்தான் கடைசி. கிட்டத்தட்ட 23 மாதம். அவ்வளவு காலம் ஒரு ஆயா சம்பளமில்லாமல் நமக்காகக் காத்திருக்க முடியுமா? முதல் ஆறு மாதம் மூன்று பேருக்கும் பாதிச் சம்பளம் அனுப்பினேன். அதில் கடைசி மூன்று மாதம் என் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்த பணம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மூத்த ஆயா காப்பி எஸ்டேட்டில் கூலிக்குப் போய்விட்டார், இன்னொருவர் ஜவ்வரிசி ஆலைக்கு, ஒருவர் மட்டும் திரும்பி வந்தார்.

புதுசாக ஒரு ஆயாவைச் சேர்த்தால் போயிற்று என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். எந்தப் பிள்ளைக்கு முதுகில் தட்டினால் தூக்கம் வரும், எந்தப் பிள்ளைக்கு உள்ளங்கால் தேய்த்தால் வரும், முட்டை சாப்பிட்டால் யாருக்கு வாயைச் சுற்றித் தடித்துச் சிவக்கும், யார் அழுதால் பசி, யார் அழுதால் காது வலி, இதெல்லாம் அந்த மூத்த ஆயா மனசில் வைத்திருந்தார், எந்த நோட்டிலும் இல்லை. ஒரு புது ஆள் இந்த அளவுக்கு வர ஒரு வருடமாவது ஆகிறது.

பீஸ் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லா மனக்கசப்பும் அங்கேதான் ஆரம்பித்தது. ஏப்ரலில் வாட்ஸப்பில் பாதி பீஸ் கேட்டேன். ஒரு அப்பா, "குழந்தையே வரலையே மேடம், பீஸ் எதுக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பணம் குழந்தையைப் பார்த்துக்கொண்டதற்கான கூலி கிடையாது, நாளைக்குத் திறக்கும்போது அதே ஆயா இருப்பதற்கான பணம். அதை நான் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கவில்லை, நடு நெருக்கடியில் சொன்னால் யாருக்கும் ஏறாது. 17 குடும்பத்தில் ஐந்து பேர் ஜூன் வரைக்கும் பாதி கொடுத்தார்கள், பிறகு இரண்டு பேர், பிறகு யாருமில்லை.

இதைவிட என்னை உறுத்துவது வேறு ஒரு குடும்பம். கணவன் மனைவி இரண்டு பேரும் கொலுசுப் பட்டறையில் வேலை, ஊரடங்கில் ஒரு ரூபாய் வருமானம் இல்லை. மார்ச் பீஸே பாக்கி. நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் கேட்க மாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியவும் இல்லை. பட்டறை திறந்த பிறகு, நாங்கள் மூடியிருந்தாலும் என்னிடம் ஒரு வழி கேட்டிருக்கலாம், ஆனால் பாக்கியோடு என் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு, மூன்று வயசுப் பையனைப் பட்டறைக்கே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கொலுசுக்கு ஊதிப் பத்தவைக்கிற நெருப்பு பக்கத்திலேயே இருக்கிற இடம், பாலிஷ் போடும் ஆசிட் வாளி வேறு. விஷயம் தெரிந்து நானே போய், "பாக்கியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, திறந்ததும் முதல் ஆளா அனுப்பு" என்று சொன்னேன். முன்னாடியே ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால் அந்தப் பையனுக்கு அவ்வளவு மாதம் அந்த மூலையில் உட்கார வேண்டி வந்திருக்காது, வீட்டில் பாட்டியிடமாவது விடச் சொல்லியிருப்பேன். டே கேர் நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், பாக்கி இருப்பவர்களுக்குத்தான் முதல் போன் போட வேண்டும் என்பதை மனசில் வையுங்கள்.

அப்புறம் நர்ஸ்கள். என்னிடம் வந்த ஒரு பாப்பாவின் அம்மா அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ். ஊரடங்கில் அவருக்கு விதிவிலக்கு உண்டு, பாஸ் உண்டு, போலீஸ் மறிக்காது. ஆனால் ஒன்றரை வயசுப் பாப்பாவை யாரிடம் விட்டுவிட்டு அந்த பாஸை எடுத்துக்கொண்டு போவது? கணவர் வெளியூரில் மாட்டிக்கொண்டார். கடைசியில் பாப்பாவை எங்கள் வீட்டுப் பிள்ளையாக மாடியில் வைத்துக்கொண்டோம். அந்த ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலம் மாநகராட்சிப் பகுதியில் மூன்று நாள் முழு ஊரடங்கு வந்தது ஞாபகம் இருக்கும், அதற்கு முந்தின நாள் கடைத்தெருவில் ஒரே கூட்டம், எனக்கு இந்தப் பாப்பாவின் பால் பவுடர் கவலைதான். டே கேர் அலமாரியில் விட்டுவைத்திருந்த டின்னைப் பார்த்தால் பிரித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கொடுக்க முடியாது. பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் ஒரு டின் எடுத்து வைத்துக் கொடுத்தார். அந்த அம்மா டியூட்டி முடிந்து வந்தால் வாசல் பைப்பில் கை, முகம் கழுவி, பின்பக்கமாகப் போய்க் குளித்து, நைட்டி மாற்றிக்கொண்டு வரும்வரை பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தும். பால் கட்டிக்கொண்டு அந்த அம்மாவும் உள்ளே நின்று அழுவார். தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் "ஆஸ்பத்திரிக்காரங்க புள்ளைய இங்க வெக்கலாமா" என்று கேட்டார்கள். அவர்களுக்கும் பயம், என்ன சொல்வது.

ஒரு ஊரில் நூறு டே கேர் மூடினாலும் நர்ஸ், துப்புரவுப் பணியாளர், போலீஸ் வீட்டுப் பிள்ளைகளுக்காக வார்டுக்கு ஒன்றாவது திறந்திருக்க வேண்டும், அரசு அனுமதியோடு, அரசு சம்பளத்தில். இங்கிலாந்தில் 2020 மார்ச்சில் பள்ளிகளையும் காப்பகங்களையும் மூடியபோது, அத்தியாவசியப் பணியாளர்களின் குழந்தைகளுக்கும் ஆதரவு தேவைப்படும் நிலையில் இருந்த குழந்தைகளுக்கும் மட்டும் திறந்து வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 6 முதல் ஜூலை 12 வரை பெற்றோரிடம் கட்டணமே வாங்காமல், காப்பகங்களுக்கு அவற்றின் வழக்கமான வருமானத்தில் ஏறக்குறைய பாதியை அரசே கொடுத்தது. அமெரிக்காவில் 2021 மார்ச்சில் போட்ட சட்டத்தில் குழந்தைப் பராமரிப்புக்கென்று 39 பில்லியன் டாலர், அதில் 24 பில்லியன் காப்பகங்கள் மூடிப்போகாமல் காப்பாற்றுவதற்கு. வாடகை, சம்பளம், சுத்தம் செய்யும் சாமான் எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்யலாம், ஆனால் ஊழியர் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது, முடிந்தவரை பெற்றோருக்கும் கட்டணத்தைத் தளர்த்த வேண்டும் என்று நிபந்தனை. அந்த நிபந்தனைதான் எனக்குப் பிடித்தது. பணம் நடத்துபவர் கையில் நின்றுவிடாமல் ஆயாவுக்கும் பெற்றோருக்கும் போய்ச் சேர அது வழி செய்கிறது.

நம் நாட்டில் 2020 மே மாதம் சிறு தொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் வரைக்கும் பிணையில்லாக் கடன் என்று அறிவித்தார்கள். நம்பிக்கையோடு பேங்குக்குப் போனேன். ஏற்கெனவே தொழில் கடன் வாங்கியவர்களுக்குத்தான், பாக்கி நிற்கும் கடனில் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்றார்கள். நான் கடனே வாங்காமல் நடத்தியவள், 20 சதவீதம் எதில் கணக்குப் போடுவது? எங்களை மாதிரி வீட்டில் வைத்து நடத்துபவர்கள் பலர் எந்தப் பட்டியலிலும் கிடையாது. பட்டியலில் இல்லாதவர்களுக்கு அரசு நினைத்தாலும் பணம் அனுப்ப முடியாது. அதனால் சாதாரண நாளிலேயே வீட்டு டே கேர்களையும் எளிமையாகப் பதிவு செய்ய வழி வேண்டும், நடத்துபவர்களும் பயப்படாமல் பதிய வேண்டும். ரேஷன் கார்டு என்ற ஒரு பட்டியல் இருந்ததால்தான் 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும், 2021 மே, ஜூனில் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் எங்கள் ஆயாக்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மலையில் நிலைமை வேறு. 2021 ஜனவரியில் மூத்த ஆயாவைப் பார்க்க மேலே போனேன், காப்பிப் பழம் பறிக்கும் காலம். அப்போது இருந்த தோட்டத் தொழிலாளர் சட்டப்படி 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை பார்த்தால், அல்லது அவர்களுக்கு 20 குழந்தைகளோ அதற்கு மேலோ இருந்தால், எஸ்டேட்டே குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டியிருந்தது. ஆனால் சேர்வராயன் மலையில் பத்து, இருபது பேர் வேலை பார்க்கும் சின்னத் தோட்டம் நிறைய, அங்கெல்லாம் இந்த விதி எட்டவில்லை. அவர்களுக்கு இருந்தது பால்வாடிதான், அதுவும் மூடியிருந்தது. பறிக்கிற இடத்திலேயே சாக்கை விரித்து மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் குழந்தைகளை உட்கார வைத்திருந்தார்கள், ஒரு அஞ்சு வயசுப் பெண் மூன்று சின்னதுகளை மேய்த்துக்கொண்டிருந்தாள். நம் ஆயா பறிப்பதை விட்டுவிட்டு அடிக்கடி போய் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தார். பால்வாடி டீச்சர் சத்துமாவைத் தோளில் சுமந்து வீடு வீடாகக் கொடுத்ததாகவும், கொரோனா கணக்கெடுப்புக்கும் அவரையே அனுப்பியதாகவும் சொன்னார்கள். இதையெல்லாம் செய்தவருக்கு முழு அரசு ஊழியர் சம்பளம் கிடையாது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 54,000 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஒரு பெருந்தொற்றில் குழந்தைகளை எட்டுவதற்கு இதைவிடப் பெரிய வலை நமக்குக் கிடையாது. அவர்களுக்குக் கூடுதல் வேலை கொடுக்கும் அன்றைக்கே கூடுதல் கூலியும் முகக்கவசமும் கொடுக்க வேண்டும்.

மூடியிருக்கும்போது ஆயாக்களுக்கு என்ன வேலை, எதற்குச் சம்பளம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பின்னால் எங்களிடம் திரும்பி வந்த அந்த ஆயாவும் நானும் 2020 மே மாதம் குழந்தைகளின் வீடுகளுக்கு போன் போட்டுப் பேசியபோது, நாலு குழந்தைகளுக்குத் தடுப்பூசி தவறியிருந்தது தெரிந்தது. ஒன்பது மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை, ரூபெல்லா ஊசியே ஒரு பாப்பாவுக்குப் போடவில்லை, அம்மாவுக்கு ஆஸ்பத்திரி பக்கம் போகவே பயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து, கூட்டமில்லாத நேரம் கேட்டு வாங்கி, நாலு பேரையும் அனுப்பினோம். குழந்தையின் வயசு, ஊசி, அம்மா நம்பர் எல்லாம் எங்கள் நோட்டில் இருக்கிறது. வாரம் ஒரு தடவை கூப்பிட்டு விசாரிப்பதற்குச் சம்பளம் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை முற்றாமல் பிடிபடும். (உடம்புக்கு 104, குழந்தைக்கு ஏதாவது கொடுமை நடந்தால் 1098, இரண்டு நம்பரையும் எல்லா வீட்டிலும் எழுதி ஒட்டச் சொன்னோம்.)

திறந்த பிறகு செய்தது சுருக்கமாக: ஆறு குழந்தைக்கு ஒரே ஆயா, குழுவை மாற்றுவதில்லை. ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும். அஞ்சு வயசுக்குக் கீழே மாஸ்க் போடச் சொல்லவில்லை, உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்றுதான் சொன்னது. பெரியவர்கள் மட்டும் போட்டோம். ஊரடங்கில் பிறந்து வளர்ந்த குழந்தைகள் மாஸ்க் முகத்தைப் பார்த்து மிரண்டதால், ஆயா கேட்டுக்கு வெளியே தள்ளி நின்று மாஸ்க்கை இறக்கிச் சிரித்துக் காட்டிவிட்டுத்தான் தூக்குவார்.

காய்ச்சல்தான் பெரிய தலைவலி. "காய்ச்சல் இருந்தால் அனுப்பாதீர்கள்" என்று போர்டு வைப்பது சுலபம். கடை வேலைக்குப் போகும் அம்மாவுக்கு லீவு போட்டால் கூலி போச்சு, அதனால் காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்து அனுப்புவார், பதினோரு மணிக்குப் பிள்ளை உடம்பு மறுபடி கொதிக்கும். திட்டிப் பார்த்தேன், மறைக்கத்தான் கற்றுக்கொண்டார்கள். திட்டுவதை நிறுத்தி, ஒரு தனி ரூம் ஒதுக்கி, "சிரப் கொடுத்திருந்தா மணியை மட்டும் சொல்லுங்க, போதும்" என்றேன். அதற்குப் பிறகு உண்மை வந்தது. மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு 730 நாள் இருக்கிறது, ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு நாள்கூட இல்லை. பெருந்தொற்றுக் காலத்திலாவது குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் கூலியோடு சில நாள் லீவு கொடுப்பதை எல்லா முதலாளிகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்போது நான் குழந்தையைச் சேர்க்கும்போதே ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்குகிறேன். அரசு உத்தரவில் மூடினால் முதல் மூன்று மாதம் பாதி பீஸ், அது முழுக்க ஆயா சம்பளத்துக்கே போகும், கணக்கை மாதாமாதம் குரூப்பில் போடுவேன், வருமானம் நின்றுபோன குடும்பம் ஒரு போன் செய்தால் போதும், பாக்கி கிடையாது, இடமும் போகாது. இதைத் தவிர மாதம் ஆயிரம் ரூபாய் தனிக் கணக்கில் போட்டு வருகிறேன், அதைத் தொடுவதில்லை. அந்தத் தாளின் வாசகம் யாருக்காவது பயன்படும் என்றால் கமெண்டில் கேளுங்கள், அப்படியே போடுகிறேன்.